கருவுற்ற உறுப்பினரின் முதுகுவலியும் சங்கத்தின் பொறுப்பும்

சென்ற ஆண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பதிவேடுகளைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தேன். பாவு வழங்கிய கணக்கையும் சேலை வரவுக் கணக்கையும் ஒப்பிட்டபோது, ஓர் உறுப்பினரின் பெயருக்கு எதிரே மூன்று மாதங்களாகச் சேலைகள் குறைந்து வந்திருந்தன. "உற்பத்திக் குறைவுக்கு விளக்கம் பெறுக" என்று ஓரத்தில் எழுதினேன். செயலாளர் சற்றே தயங்கி, "ஐயா, அந்த அம்மாளுக்கு இது ஏழாம் மாதம். முதுகுவலி. ஒரு மணி நேரத்துக்கு மேல் தறியில் உட்கார முடியவில்லை என்கிறார்கள்" என்றார். எழுதியதை வெட்கத்துடன் அடித்துவிட்டேன். ஆனால் நான் அடித்ததனால் அவருக்குக் குறைந்த கூலி திரும்ப வந்துவிடவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுத் தறியைச் சென்று பார்த்தேன். குழித்தறிதான். மாமியார் திண்ணையிலிருந்தபடியே, "நாங்களெல்லாம் வலி எடுக்கிற நாள்வரை நெய்தவர்கள் தம்பி" என்றார். அது உண்மையே; பொய்யென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர்கள் வலியில்லாமல் நெய்தார்கள் என்பது அதற்குப் பொருளன்று. அந்த அம்மையாரும் பேச்சினிடையே இருமுறை தம் இடுப்பைப் பிடித்துக் கொண்டார்.

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழச் சரிபாதிப் பேர்க்கேனும் முதுகுவலி வருகிறதென்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. காரணம் மறைவானதன்று. ரிலாக்சின் என்னும் சுரப்பு, பேற்றுக்கு ஆயத்தமாக, இடுப்பெலும்புகளைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்துகிறது. வயிற்றுத் தசைகள் விரிந்து வலிமை குன்றுகின்றன. உடலின் பளு முன்னோக்கி நகர்கிறது. அதை ஈடுசெய்யத் தாய் தன்னையறியாமல் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறாள். கேத்தரின் விட்கோம் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2007இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். கீழ்முதுகின் வளைவு ஆணுக்கு இரண்டு முள்ளெலும்புகளிலும் பெண்ணுக்கு மூன்றிலும் பரவியுள்ளதாம். பிள்ளையைச் சுமந்து பின்சாய்ந்து நிற்பதற்கென்றே இயற்கை அவ்வாறு அமைத்திருக்கிறது என்பது அவர்களுடைய முடிவு.

இப்போது நம் குழித்தறியைப் பாருங்கள். கால்கள் குழிக்குள் மிதிப்பலகையில். வயிற்றுக்கு எதிரே, நெய்த துணியைச் சுருட்டும் மரம். ஒரு கை நாடாவின் கயிற்றை இழுக்க, மறுகை அச்சுச் சட்டத்தை இழுத்து அடிக்கிறது. முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. மாதம் ஏற ஏற வயிறு மரத்தில் இடிக்கும். ஆகவே உடல் பின்னே தள்ளி அமர்கிறது. கையோ முன்னே எட்டவேண்டும். பின்சாய வேண்டிய உடலை நாளெல்லாம் முன்சாய்த்து வைக்கிறோம். நாற்று நடவும் களையெடுப்பும் இதனினும் கொடியவை என்று விவசாய உறுப்பினர்கள் சொல்வார்கள். மறுக்கமாட்டேன்.

ஆகவே இவ்வலியைப் பெண்ணின் பொறுமைக்கு வைக்கும் சோதனையாகக் கருதுவது தவறு. பெரும்பகுதி அது வேலையின் அமைப்பிலிருந்து வருவது. வேலையின் அமைப்பு என்றால் அது சங்கத்தின் காரியம்.

நான் குடியிருக்கும் மறைமலை நகரில் விடியற்காலையில் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் ஆலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்கின்றன. அவற்றில் செல்லும் பெண்களில் நெசவாளர் வீட்டு மகளிரும் உண்டு. பொறியின் முன் நின்றே பணிபுரிவோர் பலர். அவர்களுடைய முதுகும் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர்களுக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம், 2017இல் திருத்தப்பெற்று, முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பளித்தது. பேற்றுக்கு முன் குறித்ததொரு காலத்தில், தாய் கேட்டுக்கொண்டால், கடும் வேலையும் நெடுநேரம் நிற்கும் வேலையும் தரலாகாது என்றும் விதித்தது. அவ்விதிகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. தம் வீட்டில், தம் தறியில், சேலைக்கு இவ்வளவென்று கூலி பெறும் நம் உறுப்பினருக்கு இதில் ஒன்றும் எட்டவில்லை. அவருக்கு முதலாளி யார்? சங்கமா? சங்கமென்றால் அவரும் பங்குதாரரல்லவா? இப்படிக் கேட்டுக் கேட்டே பொறுப்பு எவர் தலையிலும் விழாமல் போய்விடுகிறது.

2019-20ஆம் ஆண்டின் நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் ஈடுபட்டோருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். நான் பார்த்த சங்கங்களின் நடவடிக்கைப் புத்தகங்களில் நூல் விலையும், தள்ளுபடியும், தேங்கிய சரக்கும் பக்கம் பக்கமாக வருகின்றன. மகப்பேறு என்ற சொல்லை ஒருமுறையேனும் கண்டதாக நினைவில்லை.

சங்கம் செய்யத்தக்கவை பெருஞ்செலவினவல்ல. கருவுற்ற உறுப்பினருக்கு வழங்கிய பாவுக்குத் தவணையை நீட்டிக்கலாம். தாமதத்தைக் குறையாகப் பதியாதிருக்கலாம். முதுகு தாங்கும் சாய்பலகை ஒன்றை ஊர்த் தச்சர் அரைநாளில் அடித்துக் கொடுத்துவிடுவார். அமரும் பலகையைச் சற்று உயர்த்தி, மேலே மெத்தை இட்டாலும் சுமை குறையும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது எந்த மருந்தினும் நல்லது. கடைசி மாதங்களில் தறியைவிட்டுத் தார் சுற்றும் வேலையைக் கொடுக்கலாம் என்பார்கள். நல்லதே. ஆனால் தரையில் குந்தி, குனிந்து சுற்றுவதானால் அது இலகுவான வேலையன்று. மேசையின்மேல் இராட்டையை வைத்து, நாற்காலியில் அமரச் செய்யவேண்டும். தார் சுற்றும் கூலி நெசவுக் கூலியினும் குறைவு; அவ்வித்தியாசத்தைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து கொடுப்பதே முறை. இதற்குத்தான் நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு வரும். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்களே என்பர். கேட்கட்டுமே. ஒரு சங்கத்தில் ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் பிறக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

விவசாயச் சங்கங்களுக்கு ஒரு சொல். உர விற்பனையில் கைரேகை வைக்கவேண்டியிருப்பதால், பட்டாதாரர் பெண்ணாயின் பெரும்பாலும் அவரே வந்து வரிசையில் நிற்கிறார். வாசலில் ஒரு விசுப்பலகை போடுங்கள். கருவுற்றவரை முதலில் அனுப்புங்கள். 45 கிலோ யூரியா மூட்டையை அவர் தொடாதபடி ஆளை ஏற்பாடு செய்யுங்கள். நடவுக் குழுவில் அவருக்கு முழுநாள் குனியும் வேலை கூடாது.

இனி வீட்டில் செய்யத்தக்கவை. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்புக்கு ஓய்வு கிடைக்கும். என் மனைவி இரண்டாம் பிள்ளையைச் சுமந்தபோது, வீட்டிலிருந்த தலையணை ஒன்றும் சரிப்படாமல் பழஞ்சேலையைச் சுருட்டி வைத்துக்கொண்டாள், அதுவே போதுமானதாயிற்று. இளஞ்சூட்டு ஒத்தடம் முதுகுக்கு நல்லது, வயிற்றுக்கு வேண்டாம். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, பூனையைப்போல முதுகை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியைச் செவிலியரிடம் கேட்டுக் கற்கலாம். சுளுக்கெடுப்பதாகச் சொல்லி முதுகை மிதிப்பதும் முறுக்குவதும் அறவே கூடாது. மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் மிகத் தீங்கானது. டைக்குளோபெனாக், ஐபுப்ரோபென் போன்றவை, சிறப்பாக 20 வாரங்களுக்குப்பின், சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். மருத்துவரைக் கேளாமல் ஒரு மாத்திரையும் வேண்டா.

எல்லா முதுகுவலியும் இவ்வாறு பொறுத்து ஆற்றத்தக்கதன்று. வலி விட்டுவிட்டு ஒழுங்காக வந்து, வரவர நெருங்கினால், அதிலும் 37 வாரம் முடியுமுன் அவ்வாறாயின், அது பேற்றுவலியாயிருக்கலாம். குருதியோ நீரோ கசிதல், காய்ச்சலுடன் நீர்க்கடுப்பு, கால் மரத்தல், சிறுநீர் கட்டுக்கடங்காமை இவற்றுள் ஒன்று காணினும் பாவு முடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வலியைத் தணிக்கும் பயிற்சி பெற வழியில்லையே என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் உண்டு. (மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் இருப்பதால் நல்ல தமிழில் எழுதுகிறேன், மருத்துவமனையில் 'பிசியோ' என்று கேட்டால்தான் வழி காட்டுகிறார்கள்.) 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்ற தாய்மாருக்குத் தனிப் பரிசோதனை நடக்கிறது. அந்நாளில் சேலை வரவு வைக்கவேண்டாம் என்று சங்கம் தீர்மானித்தால் கருவுற்ற உறுப்பினர் தடையின்றிச் செல்வர்.

நான் குறிப்பை அடித்த அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழு, பாவுத் தவணையை நீட்டிக்க ஒப்புக்கொண்டது. சாய்பலகையும் செய்தாயிற்று. கூலி வித்தியாசத்தைப் பற்றிய தீர்மானம் மட்டும் இரு கூட்டங்களில் ஒத்திவைக்கப்பட்டு, பேரவையின் முன் வைக்கப்படவுள்ளது. அந்த அம்மாளுக்குப் பெண் குழந்தை. இப்போது மறுபடி நெய்கிறார்.