முகாமில் பிறந்தோரின் குடியுரிமை

திருவெறும்பூர் அருகே வாழவந்தான்கோட்டையிலும் திருச்சி விமான நிலையத்தை அடுத்த கொட்டப்பட்டிலும் உள்ள முகாம்களில் வாழ்வோருள் பலர், 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின் அலையலையாகக் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆவர். உயிருக்கு அஞ்சி வந்தவரை ஆபத்துள்ள இடத்திற்குத் திருப்பியனுப்பலாகாது எனக் கட்டுப்படுத்தும் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடாததால், இவர்களது வாழ்வு உரிமையை அன்றி அரசாணைகளையே நம்பி நிற்கிறது.

பிறப்பால் குடியுரிமை பெறும் வழியும் 1987 ஜூலை 1 முதல் குறுகி, அந்நாளுக்குப் பின் இங்குப் பிறந்தவரின் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்து கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண்ணொருவர், அத்தேதிக்கு முன் பிறந்தமையாலேயே, 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் கடவுச்சீட்டுக்கான ஆணை பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1988-இல் அதே மண்டபம் முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு அவ்வழி இல்லை. ஒரு நாட்காட்டித் தேதி மனிதரின் மதிப்பை அளப்பது அநீதி.

தமிழக அரசு 2021-இல் இம்முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றி, வீடுகளுக்கும் கல்விக்கும் நிதி அறிவித்தமை பாராட்டுக்குரியது. எனினும் 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையை விட்டுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தோருக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் அளிக்கப்பட்ட விலக்கும் குடியுரிமை ஆகாது. இந்த மண்ணில் பிறந்தோருக்கேனும் குடியுரிமை வழங்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.