திருச்சபைக்கு ஏன் இரண்டு நாக்கு?

இன்றைய தமிழகத் திருச்சபைக்குத் தன் முகத்தைப் பற்றிய கவலை அதிகம். ஞாயிறு ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது. பீடத்துக்குப் பின்னால் எல்.இ.டி. திரை, பாடகர் குழுவுக்குக் கிடாரும் டிரம்ஸும், தேர்பவனியைப் படம்பிடிக்க டிரோன் கேமரா. டிசம்பர் வந்தால் அரசியல் தலைவர்களை மேடையேற்றிக் கேக் வெட்டும் விழா. எல்லா மேடைகளிலும் ஒரே வாசகம்: கிறிஸ்துவில் அனைவரும் ஒன்று, இங்கே சாதி இல்லை.

நான் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இன்றும் விசுவாசத்தோடு கோயிலுக்குப் போகிற ஆள். அந்த வாசகத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் அதன் பொய்மை மட்டுமல்ல. அந்த வாசகம் எங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் நிற்கிறது.

எப்படி என்று பார்ப்போம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறை ஆனாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார். நிலமும் கடையும் கல்லூரியும் வைத்திருக்கும் சாதிகளோடு ஒரே வரிசையில் நின்று அவர் போட்டியிட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வராது.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் சூசை. சென்னையில் செருப்புத் தைத்தவர். இந்து ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் வந்த தீர்ப்பு ஒரு நிபந்தனை விதித்தது: மதம் மாறிய பிறகு, அந்தப் புதிய மதச் சமூகத்துக்குள்ளும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும். காட்டவில்லை என்று சொல்லி மனு தள்ளுபடியானது. அதாவது, கேள்வி ஊரைப் பற்றியது அல்ல. திருச்சபையைப் பற்றியது.

2004 முதல் நிலுவையில் உள்ள வழக்கில் 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமூகங்களில் அப்படிப்பட்ட ஒடுக்குமுறை இருந்ததே இல்லை என்பது அதன் சாரம். ஒன்றிய அரசு பொய் சொல்கிறது என்று நாம் கொதிக்கலாம், கொதிக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பொய்யை ஒவ்வொரு ஞாயிறும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் யார்?

டெல்லிக்குப் போனால் ஆயர்களின் பேச்சு வேறு. ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறு என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே, கிறிஸ்தவத்தில் சாதி இருக்கிறது, இட ஒதுக்கீடு கொடு என்கிறார்கள். ஊருக்குத் திரும்பிப் பங்குக் கூட்டத்தில் ஒரு தலித் இளைஞர் எழுந்து, "தேர் எங்கள் தெருவுக்கு ஏன் வருவதில்லை?" என்று கேட்டால், "கோயிலுக்குள் சாதியைக் கொண்டுவராதே, தம்பி" என்று உட்கார வைக்கிறார்கள். அரசிடம் கேட்க ஒரு நாக்கு, பங்கில் பேச ஒரு நாக்கு.

ஒளித்து வைக்க முடியாத வரலாறு இது. வடக்கன்குளத்தில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களையும் நாடார் கிறிஸ்தவர்களையும் தனித்தனியே உட்கார வைக்க, கால்சட்டை போல இரண்டு கால்களாகக் கோயில் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பை இடித்தபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2008 மார்ச்சில், எறையூரில் சம மரியாதை கிடைக்காத தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு இடையே சுவர். கும்பகோணம் மறைமாவட்டத்தின் கோட்டப்பாளையத்தில், திருவிழாவிலும் பங்கு நிர்வாகத்திலும் தங்களுக்கு இடமில்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

இதெல்லாம் பழைய கோயில்களின் கதை, புதிய சுயாதீனச் சபைகளில் இது இல்லை என்பார்கள். பரம்பரை முன்வரிசை இல்லை என்பதற்காகவே பல தலித்துகள் அங்கே போனார்கள், உண்மை. ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது பாருங்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. நாடார், ஆர்.சி. உடையார் என்று சபையும் சாதியும் ஒட்டியே வருகின்றன. சில விளம்பரங்கள் இன்னும் நேர்மையானவை: அதே சாதி என்றால் இந்துவும் சம்மதமாம். ஞானஸ்நானத்தை விட்டுக்கொடுக்கலாம், சாதியை விட்டுக்கொடுக்கக் கூடாது.

"இது இந்துச் சமூகத்திலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு" என்பது அடுத்த பதில். ஒட்டிக்கொண்டது சரி. தேய்த்துக் கழுவாமல் அதற்குச் சடங்கு வகுத்துக் கொடுத்தது யார்? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பூணூலையும் குடுமியையும் அனுமதித்தார். 1623இல் போப்பாண்டவரும் அதற்கு இசைவு தந்தார். மேல்சாதிக்கு ஒரு குரு, கீழ்சாதிக்கு ஒரு குரு என்று மதுரை மிஷன் பிரித்தது. தஞ்சையில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் சாதியை விடச் சொன்னபோது, வேதநாயக சாஸ்திரியார் முதலான வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் மறுத்து நின்றார்கள். இதைப் பிழை என்று சொல்லித் திருச்சபை எத்தனை பங்குகளில் பாடம் நடத்தியிருக்கிறது?

இன்னொரு பதில்தான் இளம் தோழர்களையும் மௌனமாக்குகிறது: "இப்போது பேசினால் ஆர்.எஸ்.எஸ்.சுக்கு லாபம்." கிறிஸ்தவர்கள் தாக்கப்படுவது உண்மை. மதமாற்றத் தடைச் சட்டங்கள், ஜெபக்கூட்டத்துக்குள் புகுந்து அடிக்கும் கும்பல்கள் எல்லாம் உண்மை. அந்த அடியில் பெரும்பகுதியை வாங்குகிறவர்கள் பிஷப் மாளிகையில் இல்லை, கூரைக் கோயிலில் ஜெபிக்கும் தலித்துகளும் ஆதிவாசிகளும்தான். அவர்களுடைய முதுகைக் கேடயமாக்கி, அவர்களுடைய வாயையும் கட்டுவது என்ன நியாயம்? சங் பரிவாருக்கு உண்மையான லாபம் "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை" என்ற வாசகத்தில் இருக்கிறது. அதை வைத்துத்தானே இட ஒதுக்கீட்டை மறுக்கிறார்கள்?

மிஷனரிகள் பள்ளிக்கூடம் திறந்ததால்தான் எங்கள் பாட்டிமார் எழுத்துக்கூட்டினார்கள். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. சபைக்குள்ளேயே போராடியவர்களின் வரிசையும் உண்டு: உலகத் திருச்சபை மன்றத்தில் தலித் பிரச்சினையை எழுப்பிய பேராயர் எம். அசரியா, நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குக் கொண்டுவந்த தியோபிலஸ் அப்பாவு, 1992இல் 'கருக்கு' எழுதிய பாமா. நாங்கள் கேட்பது அவர்கள் கேட்டதன் மிச்சம்.

திருச்சபை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும் இல்லை. 2003இல் இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார், படங்கள் எங்கும் பரவின. படம் வந்தது. தேர் வந்ததா?

இனி தீர்மானங்கள் வேண்டாம், கணக்கு கொடுங்கள். சூசை வழக்கில் கேட்கப்பட்ட சாட்சியம் முழுவதும் ஆயர் இல்லங்களின் அலமாரிகளில் இருக்கிறது. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு பேராயமும் வெளியிடட்டும்: குருக்கள் எத்தனை பேர், எந்தெந்தச் சாதி? அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தந்த சிறுபான்மை உரிமையில் நடக்கும் கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவ முதல்வர்கள், பேராசிரியர்கள் எத்தனை பேர்? எந்தக் கல்லறைகள் இன்னும் பிரிந்து கிடக்கின்றன? திருவிழா வரி யாரிடம் வாங்கப்படுவதில்லை? 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்திடமும் உச்ச நீதிமன்றத்திடமும் அந்தக் கணக்கை, கையெழுத்துப் போட்டு, தங்கள் குற்றத்தின் சாட்சியாகவே கொடுக்கட்டும்.

ஒரு தெருவுக்குத் தேரைத் திருப்ப நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, ஆயரின் ஒரு சுற்றுமடல் போதும். தேர் திரும்பாத ஊரில் திருவிழாவை நிறுத்தும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. அதைச் செய்தால் முகம் கெட்டுவிடும் என்று பயந்தால், சிலுவையில் தொங்கியவருக்கு என்ன நல்ல முகம் இருந்தது என்று அவர்கள்தான் நமக்குச் சொல்ல வேண்டும்.