எண்ணெய் போட்டு வைத்தவர்கள்

“காலம் மாறும் தோழர், கொஞ்சம் பொறுங்கள்” என்று நமக்குச் சொல்லாதவர்கள் யார்? அப்படிச் சொல்பவர்களின் கையில் எச்.ஜி. வெல்ஸின் ‘கால இயந்திரம்’ நாவலைக் கொடுங்கள். 1895இல் வெளிவந்தது. சின்னப் புத்தகம்தான், ஓரிரு நாளில் முடித்துவிடலாம்.

அதன் நாயகன் கி.பி. 802701இல் போய் இறங்குகிறான். எட்டு லட்சம் ஆண்டுகள்! மனித இனம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மேலே வெயிலில் பழம் தின்று, பூப்பறித்து விளையாடும் எலோய்கள். கீழே இருட்டில் இயந்திரங்களோடு மார்லாக்குகள். மேலே இருப்பவர்களின் உடையும் செருப்பும் கீழேயிருந்துதான் வருகின்றன என்று அவன் ஊகிக்கிறான். தலைமுறை தலைமுறையாக நிலத்தடிக்குத் தள்ளப்பட்ட உழைப்பாளிகள் தோல் வெளுத்து, வெளிச்சத்துக்குக் கண் கூசி, வேறொரு உயிரினமாகவே ஆகிவிட்டார்கள். யாரும் தட்டிக்கேட்காமல் விட்டதால் காலம் அந்தப் பிளவை ஆழமாக்கிக்கொண்டே போயிருக்கிறது.

வெல்ஸுக்கு இது வெறும் கற்பனை இல்லை. அவருடைய தாய் சசெக்ஸில் அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் வேலைக்காரர்களை மேற்பார்த்தவர். அங்கே பணியாளர்கள் நடமாட நிலத்தடிச் சுரங்கவழிகள் உண்டு. வெல்ஸே இளவயதில் ஜவுளிக்கடையில் வேலை பழகியவர்தான். ஆனாலும் தொழில் பிறப்போடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று காட்ட அவருக்கு எட்டு லட்சம் ஆண்டுகள் தேவைப்பட்டன. நமக்கு மலக்குழியின் மூடியைத் திறந்தாலே போதும்.

என் சண்டை நாயகனோடுதான். வீனா என்ற எலோய் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, அவள் கொடுத்த பூக்கள் இருக்கின்றன. மார்லாக்குகளில் ஒருவருக்கும் பெயர் இல்லை, பேச்சு இல்லை. அவர்கள் எலோய்களைத் தின்கிறார்கள் என்று தெரிந்ததும் அருவருக்கிறான். சரி, பயங்கரம்தான். ஆனால் அந்தப் பசி எப்படி வந்தது என்று யோசிக்கத் தெரிந்தவனே, இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு அவர்களைக் கொல்லத் துடிக்கிறான். எலோய்களிடம் மனிதச் சாயல் அதிகம் மிஞ்சியிருப்பதால்தான் தனக்கு அவர்கள்மீது பரிவு என்று அவனே சொல்லவும் செய்கிறான். யாருடைய முகம் மனித முகம் என்று முடிவு செய்தது யார்?

நாவலில் எல்லோரும் தாண்டிப் போய்விடும் ஓர் இடம் உண்டு. அவன் வந்து இறங்கிய அன்று எலோய்கள் கால இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எதிலும் ஆர்வம் நீடிப்பதில்லை, சீக்கிரமே அலுத்துவிடும். மார்லாக்குகளோ அதை இழுத்துச் சென்று ஒளித்து வைக்கிறார்கள். கடைசியில் அது அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்போது துடைத்து, பார்த்துப் பார்த்து எண்ணெய் போடப்பட்டிருக்கிறது. பாதி பிரித்துக்கூடப் பார்த்திருப்பார்கள் என்று சந்தேகப்படுகிறான். இது எதற்காக என்று தங்கள் மங்கிய புத்திக்கு எட்டியவரை முயன்றிருக்கிறார்கள் என்று ஏளனமாகக் கடந்துபோகிறான்.

எட்டு லட்சம் ஆண்டு இருட்டுக்குப் பிறகும், முன்பின் பார்த்திராத ஓர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியிருக்கிறது அவர்களுக்கு. அந்த ஒரு இரவை, எண்ணெய்க் கையோடு நின்ற மார்லாக்கின் பக்கத்திலிருந்து உங்களில் யாராவது எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.