ஒரு சதக் காசும் வாய் திறக்காத நிபுணர்களும்

அமெரிக்காவில் ஒரு லிங்கன் சதம் இருக்கிறது. முன்பக்கத்தில் 1959 என்ற ஆண்டு, அதன் கீழே டென்வர் நாணயச்சாலையைக் குறிக்கும் சின்ன ‘டி’ எழுத்து. இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. திருப்பிப் பார்த்தால் இரண்டு கோதுமைக் கதிர்கள். 1909இல் தொடங்கிய அந்தக் கோதுமைப் பின்பக்கம் 1958உடன் முடிந்துவிட்டது. லிங்கன் பிறந்து 150 வருசம் எண்டு 1959இலிருந்து அவருடைய நினைவு மண்டபத்தைப் பின்பக்கம் போட்டார்கள். அப்ப இந்தக் குற்றி எங்கயிருந்து வந்தது?

இரண்டு விடைதான் இருக்கலாம். வருசம் மாறுகிற நேரம் பழைய பின் அச்சும் புது முன் அச்சும் தவறுதலாக ஒரே இயந்திரத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். இப்படிச் சோடி மாறி அடிபட்ட காசுக்கு ‘மியூல்’ எண்டு பெயர், அதாவது கோவேறு கழுதை. அல்லது யாரோ ஒரு விண்ணன் செய்த கள்ளக்காசு.

1980களில் இது வெளியே வந்தபோது அமெரிக்கத் திறைசேரிக்குப் பரிசோதனைக்குப் போனது. இன்றைக்கு ஜனாதிபதிக்குக் காவல் நிற்கும் சீக்ரெட் சேர்விஸ் 1865இல் தொடங்கப்பட்டதே கள்ளக்காசு பிடிக்கத்தான். அவர்கள் நுணுக்குக்காட்டியாலும் கருவிகளாலும் ஆராய்ந்து, இது உண்மையானது என்பதே எங்கள் அபிப்பிராயம் என்று எழுதிக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். இது சின்ன விசயம் இல்லை. சந்தேகம் வந்தால் திருப்பிக் கொடுக்கிற ஆட்கள் அல்ல அவர்கள். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இரட்டை அச்சுச் சதங்களை முதலில் போலி எண்டு பறித்தவர்கள். அவை அசல் என்பது பிறகுதான் ஒப்புக்கொள்ளப்பட்டது. பிழை விட்டாலும் பறிக்கிற பக்கம் பிழை விடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தச் சதத்தைப் பறிக்கவில்லை.

ஆனால் தரமிடல் கம்பனிகள் இதைத் தங்கள் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் போட மறுத்துவிட்டன. போலி எண்டு நிறுவினார்களா? இல்லை. அசல் எண்டு சொன்னார்களா? அதுவும் இல்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல்லு. 1986இல் பிசிஜிஎஸ், அடுத்த வருசம் என்ஜிசி என்று இரண்டு கம்பனிகள் அமெரிக்காவில் தொடங்கின. காசை அனுப்பினால் அசலா எனப் பார்த்து, 1 முதல் 70 வரைக்கும் ஒரு புள்ளி போட்டு, திறக்க முடியாத கூட்டில் அடைத்து அனுப்புவார்கள். பிழைக் காசு எண்டு பார்க்கச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம். அவர்கள் வருவதற்கு முதல் விற்கிறவன் சொன்னதுதான் தரம், வாங்கிறவன் ஏமாளி. அந்த அநியாயத்தைக் குறைத்தவர்கள் இவர்கள்தான், அதை மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரமிடல் கம்பனியோடு சண்டை பிடிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிழையான பக்கத்தில்தான் நிற்கிறார்கள். யூரியூப் பார்த்துவிட்டு எழுத்து இரண்டாகத் தெரியுது, கோடி ரூபா எண்டு துள்ளுகிறார்கள். அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் இரண்டு தரம் கொஞ்சம் விலகிப் பதிந்தால்தான் அது இரட்டை அச்சு. அதில் இரண்டாவது எழுத்தும் முதலாவதைப் போலவே உருண்டு திரண்டு நிற்கும். 1955ஆம் ஆண்டுச் சதத்தைப் பாருங்கள், வெறுங்கண்ணுக்கே தெரியும். காசை அடித்த கையோடு, தளர்வான அச்சு ஆடி எழுத்தின் ஓரத்தை நசுக்கினால் படிக்கட்டு மாதிரித் தட்டையாக ஒரு விளிம்பு கிடக்கும். அது இயந்திர ஆட்டம், பெறுமதி இல்லை. றோட்டில் வாகனம் ஏறி நசிந்த காசை ‘எரர்’ எண்டு அனுப்புகிறவர்களும் உண்டு. உவையளுக்கு இல்லை எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும்தான்.

ஆனால் அங்கே கம்பனி ஏன் இல்லை என்கிறது என்பதை நானும் நீங்களும் ஒரு பூதக்கண்ணாடியோடு சரிபார்க்கலாம். 1943ஆம் ஆண்டுச் செம்புச் சதமும் அப்படித்தான். யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருசம் நாகம் பூசிய உருக்கில்தான் சதம் அடித்தார்கள். முந்திய வருசத்து வெண்கலத் தகடுகள் சில இயந்திரத்தில் தங்கி, அவையும் 1943 எண்டு அடிபட்டன. 1947இல் மசச்சூசெட்சில் ஒரு பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பெடியனுக்கு அப்படி ஒன்று மிச்சக் காசில் கிடைத்தது. திறைசேரிக்கு எழுதிக் கேட்டால், 1943இல் செம்புச் சதம் அடிக்கவேயில்லை என்று பதில். காசு அவன்ர கையில் இருக்குது, அடித்தவர்கள் இல்லை என்கிறார்கள்! பெடியன் அதை விற்காமல் வைத்திருந்தான். 2019இல் அது 204,000 டொலருக்கு ஏலம் போனது. அங்கே உண்மையை நிறுவ ஒரு காந்தமும் தராசும் உதவும். உருக்குச் சதம் காந்தத்தில் ஒட்டும், 2.7 கிராம் அளவில் நிற்கும். வெண்கலம் ஒட்டாது, 3.11 கிராம். செம்பு பூசின கள்ளத்தையும் அதே காந்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

1959 சதத்துக்கு அப்படி ஒரு காந்தம் இல்லை. நிபுணர் தேவைப்படுகிற இடம் சரியாக இதுதான். அங்கேதான் நிபுணர் வாயை மூடிக்கொள்கிறார்.

ஏன்? கம்பனி உத்தரவாதம் கொடுக்கிறது. அசல் எண்டு கூட்டில் போட்ட காசு பிறகு போலி எண்டு தெரிந்தால் அவர்கள்தான் காசு கட்ட வேணும். உலகத்தில் ஒன்றே ஒன்று எண்டு பெயர் எடுத்த ஒரு சதத்துக்கு அந்தத் தொகை எவ்வளவாகும் எண்டு யோசித்துப் பாருங்கள். எனவே அவர்கள் கேட்கிற கேள்வி “இது அசலா?” என்பதல்ல, “பிழைத்தால் எங்களுக்கு எவ்வளவு நட்டம்?” என்பது. ஒரு காப்புறுதிக் கம்பனி அப்படிக் கேட்பது நியாயம். ஆனால் காப்புறுதிக் கணக்கை விஞ்ஞானத் தீர்ப்பு மாதிரி சந்தைக்குள் விடக்கூடாது. கூடு இல்லாத காசைச் சந்தை போலியாகத்தான் பார்க்கிறது. 2003இல் இந்தச் சதம் 48,300 டொலருக்குப் போனது. அசலுக்குக் குறைவு, கள்ளக்காசுக்கு மிக அதிகம். வாங்கினவர் என்னத்தை வாங்கினார் எண்டு அவருக்கே தெரியாது.

இதற்குள் மார்க் ஹோஃப்மன் வேறு. மோர்மன் சபையின் பழைய ஆவணங்கள் எண்டு ஏராளமான போலிகளைச் செய்து விற்று, பிடிபடப் போகிற நேரத்தில் 1985இல் சோல்ட் லேக் நகரில் குண்டு வைத்து இரண்டு பேரைக் கொன்றவன். சிறையிலிருந்து, அந்தச் சதமும் என்ர வேலைதான் என்றான். சின்ன வயதிலேயே ஒரு காசில் நாணயச்சாலை எழுத்தைப் போலியாக ஏற்றி, அதை நிபுணர்கள் அசல் என்று சொன்னதாகவும் அவனே கதை சொல்லியிருக்கிறான். செய்யக்கூடியவன்தான். பொய் சொல்லக்கூடியவனும்தான். அவன் சொல்வது மெய்யா பொய்யா என்பதை அந்த உலோகத்தை ஆராய்ந்துதான் பிடிக்க வேணும். நிபுணர்கள் காரணம் சொல்லாமல் விட்ட வெற்றிடத்தில் ஒரு கொலைகாரனின் வாய்ச்சொல்தான் இப்ப முக்கிய சாட்சியாக நிற்கிறது.

முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. 1913 லிபேர்ட்டி நிக்கல் ஐந்தே ஐந்துதான் தெரிய வந்தவை. அதில் ஒன்றின் சொந்தக்காரர் 1962இல் கார் விபத்தில் இறந்தார். அது ஆண்டு மாற்றின போலி எண்டு குடும்பத்துக்குத் திரும்பி வந்து, நாற்பது வருசம் சகோதரி வீட்டு அலுமாரியில் கிடந்தது. 2003இல் போல்ரிமோரில் மற்ற நாலையும் பக்கத்தில் வைத்து ஆறு நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து அசல் என்றார்கள். பிசிஜிஎஸ்ஸின் ஸ்தாபகர் டேவிட் ஹோலும் அந்த அறுவரில் ஒருவர். 2013இல் அது 31 இலட்சம் டொலருக்கு மேல் போனது. ஒப்பிடுவதற்குக் காசு இருந்தது, ஆட்கள் கூடினார்கள், முடிவு வந்தது.

1959 சதத்துக்கும் ஒப்பிட ஆயிரம் பொருள் இருக்கு. ஒவ்வொரு அச்சும் தன் கீறலையும் வெடிப்பையும் அடிக்கும் காசிலெல்லாம் பதிக்கும். இந்தச் சதத்தின் கோதுமைப் பக்க அச்சு நாணயச்சாலையில் இருந்ததென்றால், அது 1958 டென்வர் சதங்கள் சிலவற்றையும் அடித்திருக்கலாம். முன்பக்க அச்சு சாதாரண 1959 சதங்களை அடித்திருக்கலாம். அதே அடையாளம் உள்ள சகோதரக் காசு ஒன்று அகப்பட்டாலே கதை மாறும். எங்கே தேடினோம், என்ன பொருந்தவில்லை, எந்த எழுத்தின் எந்த ஓரம் சந்தேகம் தருகிறது என்று படத்தோடு எழுதினால், தேடுவதற்கு உலகம் முழுக்கச் சில்லறைப் போத்தலோடு ஆட்கள் இருக்கிறார்கள். பதிலுக்கு, கள்ளக்காசு செய்கிறவனுக்கு இரகசியத்தைச் சொல்லிக் கொடுப்பதாகிவிடும் என்பார்கள். இதே கம்பனிகள் மற்றப் போலிகளைப் பற்றிப் படம் போட்டுக் கட்டுரை எழுதுகின்றன. அங்கே இல்லாத பயம் இந்த ஒரு சதத்தில் எதற்கு?