சாய்ந்த கூரையை மறைக்கத்தான் வேண்டுமா?

செஞ்சியின் பழைய தெருக்களில் மாடியோடு கூடிய ஓட்டு வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. கீழே கூடமும் முற்றமும். மரப்படி ஏறினால், இருபுறமும் சாய்ந்திறங்கும் கூரையின் கீழ் ஓர் அறை. நெல் மூட்டையும் உடைந்த கட்டிலும் கிடந்த அந்த அறை, வீட்டில் ஒரு நிக்காஹ் நிச்சயமானதும் நினைவுக்கு வருகிறது. மணமக்களுக்கு அதை ஒதுக்குவது நல்ல எண்ணமே. அதன் பின் நடப்பதுதான் கவலை தருகிறது. சாய்வு கண்ணில் படக்கூடாதென்று ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் வண்ண விளக்குகள், சுவர் முழுதும் வால்பேப்பர். கையில் பணம் இல்லையெனில் தவணைக் கடன்; கடனோடு வட்டி. புது வாழ்வு தொடங்கும் அறையின் கூரைக்கே வட்டி கட்டும் நிலைக்குப் பெண்ணைப் பெற்றவர்களைத் தள்ளுவது எந்த வகையில் அழகு?

மார்க்கத்தை ஒரு கணம் ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இது நட்டக் கணக்கே. வெப்பக்காற்று மேலெழுந்து ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறும். குறுக்கே தட்டையாக ஒரு பலகையைக் கட்டினால் அறையின் உயரம் குறைகிறது. காற்றின் வழியும் அடைபடுகிறது. கோட்டைக் குரங்குகள் ஊருக்குள் வந்து ஓட்டைப் புரட்டிப் போவதும் நமக்குப் புதிதல்ல. திறந்த கூரையில் ஒழுகும் இடம் உடனே தெரியும். ஜிப்சத்துக்கு மேல் ஒழுகினால், பலகை ஊறிக் கறை படிந்த பிறகே தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த நம் கோட்டைக்குள் கல்யாண மஹாலைப் பார்க்காதவர் யார்? அடுக்கடுக்காக எழுந்து உச்சியில் கூம்பி முடியும் கட்டடம் அது. அந்தக் கூம்பை மறைக்க எவரும் எண்ணவில்லை. ஊர் பெருமையாகக் காட்டுவதே அதைத்தான்.

ஓட்டிலிருந்து தூசி விழுகிறது, பல்லி விழுகிறது என்ற குறை நியாயமானது. அதற்குக் கைமரங்களின் சாய்வோடு ஒட்டியே மூங்கில் பாயையோ மெல்லிய மரப்பலகையையோ, வேண்டும்போது கழற்றும்படி பகுதி பகுதியாக அடிக்கலாம். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும். இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால் பகலில் விளக்கு தேவைப்படாது.

சாய்ந்த கூரை அறையில் பொருள்களை உயரம் பார்த்தே வைக்க வேண்டும். கட்டிலின் தலைமாடு உயர்ந்த பக்கமாகவும் கால்மாடு தாழ்ந்த பக்கமாகவும் இருக்கட்டும். ஸுப்ஹுக்கு எழுபவர் கைமரத்தில் தலையை இடித்துக்கொள்ள மாட்டார். மூன்றடிக்கும் தாழ்ந்த ஓரம் டிரங்குப் பெட்டிக்கும் நூல்களுக்கும் உரியது. உயர பீரோவை அங்கே திணிக்க முயலாமல், நீளமான தாழ்ந்த அலமாரி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கலாம். சீலிங் ஃபேன் வேண்டாம் என்பது நம் கருத்து: உடை மாற்றக் கை உயர்த்துபவருக்கும், பின்னாளில் கட்டில் மேல் குதிக்கப்போகும் பிள்ளைக்கும் அது ஆபத்து. சுவரில் மாட்டும் விசிறியே ஏற்றது.

முகட்டின் நேர் கீழே இருக்கும் இடத்தைப் பொருளால் அடைக்காமல் தொழுகைக்கு விடலாம். கூரை கிழக்கும் மேற்குமாகச் சாய்ந்த வீடுகளில் இது வெகு பொருத்தமாக அமைகிறது. நம் ஊருக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கே. முகட்டின் கீழ் நிற்பவருக்கு நிமிர்ந்து நிற்க உயரம் உண்டு; ஸஜ்தா செய்யும் இடத்தில் கூரை தாழ்ந்திருந்தாலும் இடையூறில்லை.

மாடியறை என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரை விட்டு ஒரு மாதம் விலகித் தங்கியிருந்தது ஒரு மாடியறையில்தான். உமர் (ரலி) அவர்கள் ஏறிச் சென்றபோது கண்டவை, பாயின் தடம் பதிந்த விலாவும், ஈச்ச நார் திணித்த தோல் தலையணையும், மிகச் சில பொருள்களுமே. உமர் (ரலி) அழுதுவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. நம் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டிலும் மெத்தையும் ஆகுமானவையே. ஆனால் பக்கத்து வந்தவாசியின் கோரைப் பாயை அறைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் பூங்கொடியைச் சுவரில் தொங்கவிடுவது நல்ல ரசனையும் அல்ல.

சன்னலையும் கவனிக்க வேண்டும். மாடிச் சன்னல் பெரும்பாலும் அண்டை வீட்டு முற்றத்தை நோக்கியே திறக்கிறது. திரை காற்றில் விலகும். சன்னலின் கீழ்ப்பாதிக்குச் சாய்வான மரச்சட்டங்கள் அடித்தால் காற்றும் வரும், இரு வீட்டுப் பெண்களுக்கும் மறைவும் கிடைக்கும்.

வேலையைத் தொடங்குபவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே ஓடுகளைப் புரட்டி அடுக்கி முடித்துவிட வேண்டும். சுண்ணாம்பு அதன் பிறகுதான்; முன்பே அடித்தால் ஓடு மாற்றும்போது கொட்டும் தூசி அத்தனையும் சுவரில் அப்பிவிடும்.