தூசியைத் துடைக்காதீர்கள், அம்மணி!

பழைய புட்டி என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருகிறது? பழைய பேப்பர்காரர்தான்! பரணில் கிடக்கும் எண்ணெய்ப் புட்டி, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு, கிடைத்த சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டால் விவகாரம் தீர்ந்தது. இங்கிலாந்தில் ஒரு குடும்பத் தலைவி யோசிக்காமல் அப்படிச் செய்தால், சில சமயம் ஒரு தங்கச் சங்கிலியின் விலையையே சாக்கில் போட்டுக் கொடுத்தவளாகிவிடுவாள். அவள் வீட்டு நிலவறையில் கிடப்பது பழைய 'போர்ட்' ஒயினாக இருந்துவிட்டால்!

"மதுவைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். குடிப்பதைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. புட்டியைத் திறக்காமலே அதன் வயதையும் மதிப்பையும் கண்டுபிடிக்கும் வித்தையைத்தான் சொல்லப் போகிறேன். திறந்துவிட்டால்தான் மதிப்பு போய்விடுமே!

போர்ட் ஒயின் பிறக்கும் இடம் போர்ச்சுகல் தேசத்தின் வடக்கே, டூரோ நதிப் பள்ளத்தாக்கு. 1756-லேயே இதற்கு எல்லை வகுத்துவிட்டார்கள். திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போது, 435 லிட்டருக்கு 115 லிட்டர் என்ற கணக்கில் திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். புளிப்பு அங்கேயே நின்றுபோகிறது. சாற்றின் இனிப்பு தங்கிவிடுகிறது. இந்த 550 லிட்டர்தான் ஒரு 'பைப்', அதாவது ஒரு பெரிய பீப்பாய்.

1703-ல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆங்கிலேயரின் கம்பளித் துணி அங்கே போயிற்று. போர்ச்சுகல் ஒயின் குறைந்த வரியில் இங்கிலாந்துக்கு வந்தது. நாளடைவில் போர்ட் என்பது ஆங்கிலேயர் வீட்டுப் பண்டமாகவே ஆகிவிட்டது. பணக்காரக் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால், அந்த ஆண்டு விளைந்த போர்ட்டில் ஒரு பைப் வாங்கி, 60 டஜன் புட்டிகளில் அடைத்து, நிலவறையில் படுக்கவைப்பார்கள். பிள்ளைக்கு 21 வயது நிறையும்போது திறப்பதற்கு! நாம் பெண் பிறந்த நாளிலிருந்து குண்டுமணி குண்டுமணியாகத் தங்கம் சேர்ப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

அந்தத் தாத்தா போய்விடுகிறார். பிள்ளை எங்கேயோ சீமை கடந்து போய்விடுகிறான். கடைசியில் வீட்டை விற்கும் நாளில் யாரோ ஒரு விதவை மருமகள் விளக்கோடு நிலவறைக்குள் இறங்குகிறாள். அங்கே பத்துப் பன்னிரண்டு கறுப்புப் புட்டிகள் தூசி மூடிக் கிடக்கின்றன. லேபிள் உளுத்துப்போயிருக்கிறது, சிலவற்றில் லேபிளே இல்லை. அவள் என்ன செய்வாள்? கைகாரியாக இருந்தால் ஈரத் துணியால் பளபளவென்று துடைத்து, வரிசையாக நிமிர்த்தி வைப்பாள்.

அங்கேதான் மோசம்!

புட்டியின் மேல்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புத் தீற்று இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்தார்கள் என்பதற்கு அது அடையாளம். ரசத்தில் மண்டி அடியில் தங்குகிறதல்லவா? அது போலப் பழைய போர்ட்டிலும் வண்டல் இறங்கி, புட்டியின் கீழ்ப்பக்கத்தில் ஏடாகப் படிந்திருக்கும். உருட்டிப் புரட்டினால் ஏடு உடைந்து எல்லாம் கலங்கிவிடும். ஈரத் துணியோ, மிச்சமிருக்கும் லேபிளையும் கரைத்துவிடும். அழுக்குதான் அந்தப் புட்டியின் ஜாதகம். அதை அழித்துவிட்டுப் பிறகு பொருத்தம் பார்க்க முடியுமா?

சரி, ஜாதகத்தை எப்படிப் படிப்பது?

முதலில் வகை. பழைய புளிக்கு மதிப்பு உண்டு, பழைய அரிசிக்கு மதிப்பு உண்டு. பழைய அப்பளத்துக்கு உண்டா? போர்ட்டிலும் அப்படித்தான். 'ரூபி' என்பது இளசாகவே புட்டியில் அடைத்து, உடனே உபயோகிப்பதற்கு. அதை 50 வருஷம் காத்தாலும் அப்பளக் கதைதான். 'டானி' என்பது மரப் பீப்பாயிலேயே முதிர்ந்து பழுப்பு நிறம் ஏறியது. லேபிளில் 10, 20, 30, 40 என்று போட்டிருந்தால், அது பீப்பாயில் முதிர்ந்த வயதைக் குறிக்கும். புட்டியில் அடைத்த பிறகு அந்த வயது ஏறாது. 'விண்டேஜ்' என்பதுதான் ராஜா. சிறந்த ஒரே ஆண்டின் விளைச்சலை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் புட்டியில் அடைத்துவிடுவார்கள். அது புட்டிக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரும். 'லேட் பாட்டில்ட் விண்டேஜ்' என்று இன்னொன்று உண்டு. அது நான்கு முதல் ஆறு ஆண்டு கழித்து அடைத்தது, விலையும் குறைவு. அவசரத்தில் கடைசி வார்த்தையை மாத்திரம் படித்துவிட்டு ஆனந்தக் கூத்தாடக் கூடாது!

அடுத்தது ஆண்டு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "1820 என்று போட்டிருக்கிறதே! இருநூறு வருஷத்துப் புட்டி!" என்று துள்ளுவார்கள். 1820 என்பது கிரஹாம் நிறுவனம் தோன்றிய வருஷம். சாண்டிமன் லேபிளில் 1790, டெய்லர் லேபிளில் 1692 என்று கண்டாலும் அதே கதைதான். கடைப் பலகையில் எழுதிய வருஷம் கடையின் வயது. உள்ளே இருக்கும் மிட்டாயின் வயது அல்ல. எல்லா ஆண்டும் விண்டேஜ் ஆகிவிடாது. பத்து ஆண்டுக்கு மூன்று முறை என்பது ஏறக்குறைய கணக்கு. 1927, 1945, 1963, 1977, 1994, 2011 இவையெல்லாம் பெயர் பெற்ற ஆண்டுகள்.

லேபிளே இல்லாவிட்டால்? மனம் தளர வேண்டாம். கழுத்தை மூடியிருக்கும் அரக்கிலோ உலோக மூடியிலோ நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்கும். அதுவும் போயிருந்தால், கழுத்தின் பின்னால் டார்ச் விளக்கைப் பிடியுங்கள். உள்ளேயிருக்கும் தக்கையில் சூடு போட்ட எழுத்தாகப் பெயரும் ஆண்டும் கண்ணாடி வழியே தெரியலாம். புட்டி பொய் சொன்னாலும் தக்கை பொய் சொல்வது துர்லபம்.

இன்னொரு சந்தேகமும் வரும். போர்ச்சுகலில் 1933-ல் ஏற்பட்ட போர்ட் ஒயின் கழகத்தின் காகித முத்திரை கழுத்தில் இல்லையே, போலியோ? அவசரப்படாதீர்கள். முன்பெல்லாம் பீப்பாயோடு கப்பலேற்றி, இங்கிலாந்து வியாபாரிகளே புட்டியில் அடைத்தார்கள். அப்படிப் பெருவாரியாக அடைத்த கடைசி விளைச்சல் 1970. ஆகையால் பழைய புட்டியில் முத்திரைக்குப் பதில் யாரோ ஒரு லண்டன் வியாபாரியின் பெயர் இருந்தால், அதுவும் நல்ல சாட்சிதான்.

மூன்றாவது, மட்டம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒயின் கழுத்து வரை இருந்தால் உத்தமம். ஐம்பது வருஷத்துப் புட்டியில் கழுத்தின் அடி வரை இறங்கியிருந்தாலும் பாதகமில்லை. தோளுக்குப் பாதி இறங்கிவிட்டால் தக்கை கசிந்திருக்கிறது, காற்றுப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை பெரிய பெயரானாலும் விலை சரிந்துவிடும்.

விலை எவ்வளவு இருக்கும் என்று கேட்பீர்கள். நன்றாகக் காத்த 1963 விண்டேஜ், நல்ல நிறுவனத்தினுடையதாக இருந்தால் நூறு பவுனுக்கு மேல் போகும். 'கின்டா டோ நோவல்' தோட்டத்தில் ஒட்டுப் போடாத கொடிகள் நிற்கும் ஒரு சிறு பாத்தி இருக்கிறது. அதில் விளைவதற்கு 'நாசியொனால்' என்று பெயர். அதன் 1931-ஆம் ஆண்டுப் புட்டி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் பவுன் கொடுக்க ஆள் இருக்கிறது. அதே அலமாரியில் பக்கத்தில் நிற்கும் பழைய ரூபிக்குக் காலிப் புட்டியின் விலைகூடத் தேறாது.

ஆகவே, அந்த மருமகளுக்கு மட்டுமல்ல, சீமையில் குடித்தனம் நடத்தும் நம் பெண்களுக்கும் சொல்லி வைக்கலாம். பழைய வீட்டு நிலவறையில் இப்படிப் புட்டி அகப்பட்டால் துடைக்காதே, நிமிர்த்தாதே, திறக்காதே. இருந்தது இருந்தபடியே படம் எடுத்துக்கொள். தக்கை, மூடி, மட்டம் மூன்றையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள். எங்கே, எத்தனை காலம் கிடந்தது என்றும் எழுது. வாங்கிய ரசீது அகப்பட்டால் பத்திரப்படுத்து. பிறகு கிறிஸ்டீஸ், சாதபீஸ் போன்ற ஏலக்காரர்கள் இரண்டு பேரிடமாவது தனித்தனியே விலை கேள்.

"அத்தனையும் சேர்த்து இவ்வளவு தருகிறேன், இப்போதே எடுத்துக்கொள்கிறேன்" என்று வாசலில் ஒருவர் பர்ஸைத் திறந்தால், கதவைப் பணிவாகச் சாத்திவிடு. இத்தனை வருஷம் காத்த புட்டிக்கு இன்னும் ஒரு வாரம் காத்திருப்பது பெரிய காரியமில்லை!