தாத்தா ஊர் வேங்கிக்கால்தான்... ஆனால் எந்த மாவட்டம்? பூர்வீகம் தேடுபவர்களைச் சுற்றவிடும் 1911

திருவண்ணாமலை மாவட்ட கலெக்டர் ஆபீஸ் இருப்பது வேங்கிக்காலில். ஆனால், இதே ஊர்க்காரர் ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவைப் பழைய ஆவணங்களில் தேடினால் ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்ற பெயரே சிக்காது. ஏன்?

ஊர் நகரல, கோடு நகர்ந்தது!

ஆங்கிலேயர் காலத்தில் திருவண்ணாமலை தாலுகா, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆற்காட்டில் இருந்தது. 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானபோது வட ஆற்காடு பெரும்பகுதியை இழந்தது. அப்போது சேலத்திலிருந்து திருப்பத்தூரும், தென் ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலையும் அதனுடன் சேர்க்கப்பட்டன. 1989-ல் வட ஆற்காடு பிரிந்து ‘திருவண்ணாமலை சம்புவராயர்’ மாவட்டம் உருவானது. 1997-ல் மாவட்டங்களுக்குச் சூட்டியிருந்த தலைவர்கள் பெயர்கள் நீக்கப்பட, வெறும் ‘திருவண்ணாமலை’ ஆனது.

ஈஸியா புரியணுமா? ரமண மகரிஷி 1896-ல் இங்கு வந்தார். 1950-ல் மறையும் வரை ஊரைவிட்டுப் போகவே இல்லை. ஆனால் அவர் வந்து சேர்ந்தது தென் ஆற்காட்டில், மறைந்தது வட ஆற்காட்டில்!

யாருக்கு இது சிக்கல்?

1860 முதல் நேட்டாலுக்கு (இன்றைய தென்னாப்பிரிக்கா) கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளில் ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதப்பட்டன. அவர்களின் வாரிசுகள் கையில் இருக்கும் ஒரே துப்பு அதுதான். அதில் ‘தென் ஆற்காடு’ என்று பார்த்ததும் கடலூர், விழுப்புரம் பக்கம் மட்டும் தேடினால், திருவண்ணாமலை கிராமம் ஒன்று தவறிப்போகும். ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திராவில்கூட இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இன்று இதே மாவட்டத்தில் உள்ள போளூர், வந்தவாசி எல்லாம் 1911-க்கு முன்பே வட ஆற்காடு. அதாவது, பக்கத்துப் பக்கத்து ஊரில் பெண் கொடுத்து எடுத்த ஒரே குடும்பத்தின் பதிவுகள் இரண்டு ஜில்லாக்களில் சிதறியிருக்கலாம்.

அப்போ எப்படித் தேடுவது?

* முதலில் ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள். அது 1911-க்கு முன்பா, பின்பா என்பதுதான் முதல் கேள்வி.

* மாவட்டத்தைவிட கிராமப் பெயரை நம்புங்கள். தாலுகாவும் மாறும், கீழ்பென்னாத்தூர் முன்பு திருவண்ணாமலை தாலுகாவில்தான் இருந்தது.

* எழுத்துக்கூட்டலைத் தளர்த்துங்கள். பழைய ஆங்கிலப் பதிவுகளில் திருவண்ணாமலை ‘டிரினோமலி’ ஆகியிருக்கும்.

* 1906-ல் வெளியான தென் ஆற்காடு கெசட்டியரில் திருவண்ணாமலை தாலுகாவும் இடம்பெற்றுள்ளது. பழைய ஜில்லா ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் புதிய மாவட்டங்களாயின. இன்று அங்கே பிறக்கும் குழந்தைகளின் பேரன் பேத்திகளுக்கும் இதே கேள்வி வரும். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், ஊர்ப் பெயரோடு தாலுகா, ஜில்லாவையும் இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க!